மூன்று பேர் படகில் ஆறு பேர்

மாதாவே துணை

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

தேனி அல்லிநகரத்தில் பூச்சிமருந்துக் கடை நடத்திவரும் என் தாய்மாமா ஆல்பர்ட் அவர்களுக்கு, பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்ட அக்கா மகன் சாலமன் பணிவோடு எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே உங்கள் சுகமும், உங்கள் முழங்கால் சுகமும் அறிய ஆவல். போனில் நீங்கள் என்னை பிளாக் செய்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் இங்கே வந்து, 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் முதலாளி முத்துராமலிங்கம் என்னைப் படகிலிருந்து இறக்கிவிடுவார். 'இது நாலாவது வேலை, இதையும் கெடுத்தா என் கையெழுத்து இனி உனக்கு இல்ல' என்று தேனி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் மாமா, காலையில் எழுந்ததும் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றிய முதல் வேலை இதுதான். கடலோரக் காவல்படை, அதாவது கோஸ்ட் கார்டு, என்னைப் பிடித்தது உண்மை. எப்படிப் பிடித்தார்கள் என்று அத்தை உங்களிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் படகு, கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் கொண்டுபோகிற படகு. அதில் போகிறவர்கள் மூன்று பேர். ஓட்டுகிற மகிழன் அண்ணன், இன்ஜின் பார்ப்பவர், நான். மூன்று பேர் பெயரும் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். போன வாரம் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த ரோசம்மாள் அத்தையும் உங்கள் மகள் அனிதா மேரியும் என்னைப் பார்க்கப் படகு கட்டும் ஜெட்டிக்கு வந்தார்கள். "ஏலே சாலமா, கப்பலக் கிட்டக்கப் பாக்கணும்டா, அங்கன வரைக்கும் ஒரு எட்டு கூட்டிட்டுப் போ" என்றார்கள் அத்தை. நீங்களே சொல்லுங்க மாமா, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் யாராவது தலையை எண்ணிப் பார்த்திருக்கிறோமா. கை நீட்டினால் ஏறு, இடம் இல்லையென்றால் பின்னால் தொங்கு. அந்தப் பழக்கத்தில் நான் "ஏறுங்க"ன்னுட்டேன். இன்ஜின்காரர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மகிழன் அண்ணன் அவர்களை முதலாளி வீட்டு ஆட்கள் என்று நினைத்துவிட்டார். படகு கிளம்பிக் கப்பல் பக்கம் போகிறபோது அத்தை கண்ணை மூடி ஜெபமாலை சொல்ல, அனிதா மேரி செல்போனில் படம் எடுக்க, நான் கப்பல்களின் பெயரையெல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி வாசித்துக்கொண்டே வந்தேன்.

அப்ப வந்துச்சு பாருங்க மாமா ஒரு படகு. படகு இல்ல அது, தண்ணியில பறக்குது. அரைக் கண் மூடித் திறக்கறதுக்குள்ள பக்கத்துல நிக்குது. ஒரு சத்தம் இல்ல, ஒரு கெட்ட வார்த்தை இல்ல. "இன்ஜின நிறுத்துங்க"ன்னு ஒரே வரி. நாலு பேர் எங்க படகுல இறங்குனாக, படகு ஆடக்கூட இல்ல. நான் இறங்குனா ஆடும். அதுல ஒரு ஆபீசர் மீசையும் நிறமும் பார்த்து மலையாளத்தான்னு முடிவு பண்ணி, குமுளிப் பழக்கத்துல "சேட்டா, சுகமாணோ"ன்னு கேட்டேன்.

"நான் ராமநாதபுரம். லிஸ்ட்ட எடு" என்றார்.

எடுத்தேன். எண்ணினார். லிஸ்ட்டில் மூன்று, படகில் ஆறு. நான் என் கணக்குக்கு எண்ணிப் பார்த்தேன். எங்க மூணு பேர், அத்தை, அனிதா மேரி, அஞ்சுதான வருது. ஆறாவதா மூலையில் காய்கறி மூட்டை மேல ஒருத்தர் உட்கார்ந்து மொச்சை தின்னுக்கிட்டிருந்தார்.

"இவர் யாரு?" என்று ஆபீசர் கேட்டார்.

"அத்தையோட வந்தவர் சார்" என்றேன்.

"ஆத்தாடி, இவரு உங்க ஆளுன்னுல்ல நெனச்சேன்" என்றார்கள் அத்தை.

அந்த ஆளைக் கேட்டால், அவர் பெயர் சின்னக்கருப்பு, ஊர் ஆண்டிபட்டி. "நாலு பேரு ஏறுனாக, நானும் ஏறுனேன். எங்க ஊர்ப் பக்கம் அப்டித்தான சார் வண்டி ஏறுவோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசருக்கு வரவில்லை. செக்போஸ்ட் ஞாபகத்தில் நான் ஒரு பன்னீர் திராட்சைப் பெட்டியை நீட்டினேன். அதையும் எழுதிக்கொண்டார். அத்தை மோர் நீட்டினார்கள். "டியூட்டில இருக்கோம்மா, நன்றி" என்று கும்பிட்டார். தன் வீட்டு மோரை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் என்று அத்தைக்கு இன்னும் கோபம்.

அப்புறம் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார்: "தம்பி, அங்கன நிக்கிற கப்பல்ல என்ன இருக்குன்னு தெரியுமா. எண்ணெய். உனக்கே யாருன்னு தெரியாத ஒரு ஆளு அதுக்குப் பக்கத்துல வரைக்கும் வந்துட்டாரு. இன்னைக்கு அவரு பையில மொச்ச. நாளைக்கு?"

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் திட்டவே இல்லை. மகிழன் அண்ணன் பிறகு சொன்னார், சென்னையில் இவர்களுக்கு ஒரு பிராந்தியத் தலைமை, அதற்குக் கீழே கரையோரம் ஊர் ஊராக நிலையங்கள், கரையில் ரேடார், கேமரா, வானத்தில் விமானம், தண்ணீரில் படகு. யோசிச்சுப் பாருங்க மாமா, நம்ம ஊருக்குக் கேரளாவுலருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுன்னு மூணு வழி, மூணுலயும் ஒரு கேட்டப் போட்டா தீர்ந்துச்சு. கடலுக்குக் கேட்டும் இல்ல, சுவரும் இல்ல, எந்தப் பக்கத்துலருந்தும் எவனும் வரலாம். அதுல தம்மாத்துண்டு படகு ஒண்ணுல மூணு தலை கூடுதலா இருக்குன்னு அம்புட்டுத் தூரத்துலருந்து கண்டுபுடிச்சு வாராகன்னா, அந்த ரேடார் என்ன ரேடார் மாமா. புயல்ல மாட்டுன மீனவங்களத் தூக்கிட்டு வாரதும் இவகதானாம். எங்களக் கரை சேர்க்கும்போது அத்தைக்கும் அனிதா மேரிக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, வார் சரியா இருக்கான்னு ரெண்டு தடவ இழுத்துப் பார்த்தாக. எங்க படகுல மிதவைச் சட்டை மூணுதான் இருந்துச்சு. அது எனக்கு அப்பத்தான் உறைச்சது.

இப்போது முதலாளியின் அனுமதிச் சீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிந்தால் திரும்பக் கிடைக்கும். "படகு போகும்டா, நீ போவியான்றது உங்க மாமா கையில இருக்கு" என்கிறார் முதலாளி. நான் படிப்பை விட்டவன், வேலையை விட்டவன், ஒத்துக்கிறேன். இதை விட மனசு இல்ல மாமா. வந்து கையெழுத்துப் போடுங்க.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம். அனிதா மேரியைக் கேட்டதாகச் சொல்லவும். கடை மருந்து நெடி உங்கள் நெஞ்சில் ஏறாமலும், கடன் சொல்லி வாங்குகிறவர்கள் உங்கள் படி ஏறாமலும் மாதா காப்பாளாக.

இப்படிக்கு
உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
சாலமன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் கோஸ்ட் கார்டு நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்கப் போயிருந்தேன். அந்த ராமநாதபுரம் ஆபீசரிடம் ரேடாரைப் புகழ்ந்தேன். "ரேடார் படகக் காட்டும் தம்பி, உள்ள எத்தன தலைன்னு காட்டாது. உங்க மாமா ஆல்பர்ட்தான் தேனியிலருந்து 1554-ங்கிற எங்க அவசர நம்பருக்கு போன் பண்ணுனாரு" என்றார். அனிதா மேரி படகிலிருந்தே வாட்ஸ்அப்பில் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, சுற்றி ஒரே கடலாக இருக்கிறது, யாரோ கடத்திட்டுப் போறாகன்னு சொன்னீர்களாமே. அதனால்தான் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களா விரும்பித்தான் வந்தீகளாம்மா" என்று கேட்டிருக்கிறார். உங்கள் போன் வந்து இருபதாவது நிமிஷம் எங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். உங்களை நினைத்தால் எனக்கு ஒரே ஆச்சரியம். போனில் அழுதீர்களாம். "எம் பொண்டாட்டி, எம் மக, எம் மருமகன், மூணு பேரும் அதுல இருக்காக சார்"னு சொன்னீகளாம். மூணாவது ஆளா என்னையும் சேத்துருக்கீக மாமா. அப்புறம் என்ன, கையெழுத்தப் போட வேண்டியதுதான. நீங்க அழுததை அத்தைகிட்ட நான் இன்னும் சொல்லல. வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்ல மாட்டேன்.