கருப்பம்மாவைத் திட்ட ஓர் இங்கிலீஷ் சொல்

பதுளை,
தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

பண்டாரவளை மச்சான் கிருஷ்ணராஜ் அவர்களுக்கு, பதுளை பஜாரிலிருந்து தம்பையா வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் தங்கச்சி தனலெட்சுமியும் மகள் யசோதினியும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடை மட்டும்தான் சுகமில்லை.

என் கடையில் தேயிலைத்தூள் பொட்டலம் போடும் கருப்பம்மாவை உங்களுக்குத் தெரியும். நமுனுகுல பக்கத்து ஆள், பதினெட்டு வருஷமாக இங்கே நிற்கிறவள். போன திங்கட்கிழமை காலி பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்கிற மூன்று பேரும் ஆளுக்கொரு டின்னை எடுத்துக்கிட்டாங்க. இனி உட்கார்ந்துதான் வேலையாம், ஸ்டூல் வேணுமாம். வியாபார நேரத்தில் கடையில் யாரும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் லெட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது என் கொள்கை. முப்பத்தொரு வருஷமாக நானே உட்கார்ந்ததில்லை. அதைச் சொன்னேன். அவள் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி, "அந்தம்மாவே தாமரையில உக்காந்துதானே இருக்காங்க முதலாளி. மொதல்ல அவங்கள எந்திரிக்கச் சொல்லுங்க" என்கிறாள். சாமான் வாங்க வந்த கூட்டம் பூராவும் சிரிச்சுது. எதிர்க்கடை பவாஸ் வேறு, தன்னிடம் வந்தால் சாய்மானம் வைத்த நாற்காலியே தருவதாக அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மடுல்சீமை பஸ்ஸில் வருகிறவர்கள் என் பேரைக் கேட்டு வருவதில்லை, கருப்பம்மா போட்ட பொட்டலம் என்றுதான் கேட்கிறார்கள். தீபாவளி நேரத்தில் அவள் ரோட்டைத் தாண்டினால் அவங்களும் தாண்டிடுவாங்க.

தோட்டத்தில் துரை இங்கிலீஷில் ஒரு கடிதாசி கொடுத்தால் வாசிக்கத் தெரியாதவர்தான் அதிகம் பயப்படுவார் என்பது லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒன்று கொடுக்கலாம் என்று, எதிர்த்து நிற்கிறவங்களை இங்கிலீஷில் எப்படித் திட்டுவாங்க என யசோதினியிடம் கேட்டேன். கெம்பஸில் படிக்க வைத்த பலன், ஒவ்வொரு சொல்லும் பிறந்த கதையையும் சேர்த்து, அதுவும் கருப்பம்மா காதுபடவே சொல்லத் தொடங்கினாள். ரெபெல் என்றால் லத்தீனில், தோற்ற பிறகும் திரும்பச் சண்டைக்கு வருகிறவனாம். கருப்பம்மா கேட்டுவிட்டு, தான் இன்னும் தோற்கவே இல்லையே என்றாள். மியூட்டினியருக்கு வேர்ச்சொல் 'அசைவது'. அவள் டின்னை விட்டு அசைந்தால்தானே! மேவரிக் என்பது அமெரிக்காவில் தன் மாடுகளுக்குக் குறி சுடாமல் விட்ட ஒருவருடைய பெயராம். குறியில்லாத மாட்டுக்கெல்லாம் அந்தப் பேர் போய், பிறகு எந்தக் கூட்டத்திலும் சேராத மனுஷனுக்கும் வந்துவிட்டதாம். "அது நீங்கதான் அப்பா, வர்த்தகர் சங்கத்துல சேராத ஒரே ஆள்" என்கிறாள் மகள். பெருமைதான், ஆனால் அந்த நேரத்தில் தேவையா? கடைசியாக டிஸ்ஸிடன்ட் என்று ஒன்று சொன்னாள். காதுக்குக் காரமாக இருந்தது, இதுதான் என்று காகிதத்தை எடுத்துவிட்டேன். லத்தீனில் அதற்கு 'தள்ளி உட்கார்ந்திருப்பவர்' என்று பொருளாம், மச்சான்.

"அதத்தானே பாப்பா நாங்களும் கேக்குறோம்" என்றாள் கருப்பம்மா. நாலு பேரும் டின்னில் தாளம் போட்டாங்க.

நீங்கள் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து எத்தனை துரைக்குக் கடிதம் அடித்தவர். பிறந்த கதை எதுவும் இல்லாத, வெறும் வசவான சொல்லாகப் பார்த்துப் போட்டு, நாலு வரி அடித்து வெள்ளிக்கிழமைக்குள் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். ஸ்டூல் மட்டும் நான் வாங்கப்போவதில்லை. அதில் மாற்றமே கிடையாது.

அக்காவுக்கு எங்கள் அன்பு. முருகன் புண்ணியத்தில் வருகிற கார்த்திகைக்கு நீங்கள் கோயில் படியை யாரையும் பிடிக்காமல் ஏறணும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
தம்பையா

பி.கு.: கடிதம் அடிக்க வேண்டாம். இதைக் கல்லா மேசையில் வைத்து, நின்றுகொண்டுதான் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைக் கருப்பம்மா பார்த்துவிட்டு, இன்னொரு டின்னைக் கவிழ்த்து எனக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள். உட்கார்ந்தேன். உடனே படத்தைப் பார்த்தேன், லெட்சுமி அப்படியேதான் இருக்கிறாள். ஆசாரியிடம் ஐந்து ஸ்டூலுக்குச் சொல்லி அனுப்பியாச்சு. ஒன்றுக்குச் சாய்மானம் உண்டு, அது கருப்பம்மாவுக்கு, பவாஸுக்குத் தெரிகிற மாதிரி முன்பக்கம் போடணும். இந்தப் பின்குறிப்பை டின்னில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். முதலாளி ஆச்சே, அவங்க நாலு பேரையும் விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான்.