கயிறு மாஸ்டரின் கை

ஃபுட்பாலைக் காலால் ஆடுகிறார்கள் என்று நம்புகிறவர்கள் ஆவடிக்கு வந்து எங்கள் கயிறு மாஸ்டரைப் பார்த்திருக்க வேண்டும். பந்தே இல்லாமல் இரண்டு மாதம் கோச்சிங் கொடுத்த மகான் அவர். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு கயிறு, ஒரு டீக்கடை, அவருடைய வலது கை, அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுவது அவர் வேலை. மேலே ஆபரேட்டர், நடுவில் டன் கணக்கில் இரும்பு. "என் கை ஒரு நாளும் லேட்டானதில்ல நைனா. லேட்டாச்சின்னா கீழ கீறவன் சட்னி" என்பார். எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே அப்ரண்டிஸ். மாலையில் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் அவருடைய லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரன்.

தடுப்பாட்டக்காரர் நால்வரையும் இடுப்பில் ஒரே கயிற்றால் கட்டிவிடுவார். ஒருவன் முன்னால் போனால் நாலு பேரும் போகவேண்டும். ஒருவனுக்கு ஒண்ணுக்கு வந்தாலும் அதே சட்டம்தான். மாடியில் துணி காயப்போட வந்தவர்கள், வந்த வேலையை மறந்து நின்று சிரித்தார்கள்.

"இன்னா மாஸ்டர், சந்தைக்கு ஓட்டிகினு போறியா?" என்றார் சைக்கிளில் போன ஒருவர்.

"மாடாயிருந்தா இந்நேரம் கத்துகினிருக்கும்" என்றார் மாஸ்டர். எனக்கு மானம் போயிற்று.

வியூகப் பாடமெல்லாம் டீக்கடை பெஞ்சில். காலி டம்ளர்கள்தான் ஆட்டக்காரர்கள். கடைக்காரர் கழுவ எடுத்தால் விடமாட்டார்.

"யோவ், என் லெஃப்ட் பேக்க எங்க எட்துகினு போற?"

"அண்ணாத்தே, அது டம்ளரு. நாலு பேரு டீக்கு நிக்கறாங்க."

"நிக்கட்டும். கோல் வுழுந்தா நீயா பதில் சொல்லுவ?"

அவர் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்றே ஒன்று. அவர் கையைத் தூக்கியதும் நாங்கள் நால்வரும் ஒரே சமயத்தில் ஓரடி முன்னால் ஏறவேண்டும். எதிரணி ஃபார்வர்டு எங்களுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். அவனுக்குப் பந்து வந்தால் ஆஃப்சைடு. ஒருத்தன் ஏறாவிட்டாலும் அத்தனையும் வீண்.

ஃபைனல் வந்தது. போன வருஷம்போல இதிலும் தோற்றால் கோச்சை மாற்றிவிடுவதாகக் கிளப் செயலாளர் சொல்லியிருந்தார். மாஸ்டருக்கு அந்த மைதானத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசி நிமிடம்வரை கோல் இல்லை. மாஸ்டரின் கை உயர்ந்தது. மூன்று பேர் ஏறினார்கள். நான் ஏறவில்லை. கோட்டோரம் என்கூட வேலை பார்க்கும் பையன்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஒற்றை ஆளாகப் பந்தைப் பறித்துக் காட்டலாம் என்று நின்றேன். எதிரணி ஃபார்வர்டு என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய் கோல் அடித்தான்.

செயலாளர் நேராக என்னிடம் வந்தார். "ஏம்ப்பா நீ மட்டும் ஏறலே?"

"மாஸ்டர் கையை லேட்டாத் தூக்கினார் சார்."

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. மாஸ்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். "ஆமா சார்" என்றார். "கை லேட்டாயிட்ச்சி."

கோச் பதவி போயிற்று. அதோடு விட்டார்களா? திங்கட்கிழமை கிரேனடியில், "இன்னா அண்ணாத்தே, கை இன்னிக்காவது டைமுக்கு வருமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கையை நம்பித்தான் அத்தனை பேரும் அங்கே நடமாடினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கை காட்டினார். நான் ஸ்டோருக்குள் போய் ஒளிந்துகொண்டேன். என்னைப் போன்ற கோழையை அதற்குப் பிறகு நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

புதுக் கோச்சிடம் விசில், தொப்பி எல்லாம் இருந்தன. முதல் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து வந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை உயர்ந்தது. நாங்கள் நால்வரும் ஒன்றாக ஏறினோம்.

"யாரைக் கேட்டு ஏறுறீங்க?" என்று கோச் கத்தினார். மாஸ்டர் சட்டென்று கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"மாஸ்டர் கை காட்டினார் சார்" என்றேன், வேலிவரை கேட்கும்படி. அன்று பாதியைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்ல இத்தனை வருஷமாகிவிட்டது. ஃபைனலிலும் உங்கள் கை டைமுக்குத்தான் வந்தது, மாஸ்டர்.