இரண்டாம் பாதிக்கு முன் ஒரு வாழ்த்துரை

என் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பது யாருக்கும் நல்லதல்ல. இதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஒஸ்லோவில் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களில் கேக் காய்ந்துபோனதற்கு நான்தான் காரணம். ஆனால், நோர்வேயின் பெண்கள் உதைபந்தாட்ட முதற்பிரிவுப் போட்டி ஒன்றையே நான் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நாங்கள் ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருந்தோம். பத்து வயது மகள் ஆரணி, கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு கழகத்தின் சிறுமியர் அணியில் விளையாடினாள். (கழகத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் இன்னும் என்னை மறக்கவில்லை.) அதே கழகத்தின் பெரிய பெண்கள் அணி நாட்டின் முதற்பிரிவில் இருந்தது. முதற்பிரிவு என்றதும் பளபளக்கும் கார்களை நினைக்க வேண்டாம். கோல்காப்பாளர் மாரித், பகலில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருவார். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் சிறுமிகளுக்கும் கோல் காக்கச் சொல்லிக்கொடுப்பார். ஆரணிக்கு அவர்தான் தெய்வம். நான் பூசாரிகூட இல்லை, காரோட்டி.

அந்த ஒக்டோபரில் அணி தள்ளாடியது. முதற்பிரிவில் இருப்பதா, கீழே இறங்குவதா என்பது கடைசிப் போட்டியில்தான் தெரியும். இறங்கினால் மாரித் வேறு ஊர்க் கழகத்துக்குப் போய்விடுவார் என்று பேச்சு. ஆரணி இரண்டு நாளாகச் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள்.

நோர்வேயில் டுக்னாட் என்று ஒரு வழக்கம் உண்டு. பெற்றோர் எல்லோரும் கழகத்துக்குச் சும்மா வேலை செய்து கொடுக்க வேண்டும். வாபிள் சுடலாம், கோப்பி விற்கலாம். நான் சுட்ட வாபிளை ஏற்கனவே ஒருமுறை பார்த்துவிட்ட பெற்றோர் குழுத் தலைவி, இந்த முறை எனக்கு இலகுவான வேலை தந்தார். அந்தக் கடைசிப் போட்டியின் இரண்டாம் பாதி தொடங்கமுன் சிறுமியரின் பெற்றோர் சார்பில் மாரித்துக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம்.

அவர் மனதில் இருந்தது ஒரு கைகுலுக்கல். என் மனதில் இருந்தது விழா. விழா என்றால் குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, வாழ்த்துரை, ஏற்புரை எல்லாம் வேண்டாமா? ஒன்பது பக்கம் எழுதினேன்.

"அப்பா, ரெண்டு நிமிஷம் எண்டுதான் சொன்னவை" என்றாள் ஆரணி.

"ஓம் பிள்ளை. நான் கனக்கக் கதைக்க மாட்டன்" என்றேன். (மனைவி அடுப்படியில் இருந்து சிரித்தது கேட்டது.)

முதல் பாதி கோல் எதுவும் இல்லாமல் முடிந்தது. இரு அணிகளும் திரும்பி வந்து நின்றதும் நான் குத்துவிளக்கோடு மைதானத்தின் நடுவுக்குப் போனேன். நடுவராக இருந்த பெண், அதை ஏதோ வெற்றிக்கிண்ணம் என்று நினைத்தாராம். காற்று ஐந்து தீக்குச்சிகளை அணைத்தது. இரண்டு துணை நடுவர்களையும் பக்கத்தில் மறைப்பாக நிறுத்தி ஆறாவதில் ஏற்றினேன்.

பிறகு தொடங்கினேன். "பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே" என்று என் நோர்வேஜிய மொழியில் விளித்ததும், இந்த நாட்டில் யாரும் யாரையும் அப்படி அழைப்பதில்லையாதலால், அவர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அடுத்து அணித்தலைவிகள், பயிற்றுநர்கள், எதிரணி, பந்து பொறுக்கும் பிள்ளைகள், வாபிள் சுடுவோர் என்று ஒருவரையும் விடவில்லை. நாலாம் பக்கத்தில் வீராங்கனைகள் நின்ற இடத்திலேயே துள்ளத் தொடங்கினார்கள். என் பேச்சு அவர்களை உசுப்பிவிட்டது என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். அவர்களுக்குக் குளிர்.

ஆறாம் பக்க முடிவில் மாலையைப் போட்டு, பொன்னாடையைப் போர்த்தி, ஏற்புரைக்கு அழைத்தேன். மாரித் வாயைத் திறந்தார். நடுவர் விசிலை ஊதினார். இரண்டு நிமிடம் பதினொன்றாகியிருந்தது.

எதிரணி அடித்த முதல் பந்து, விறைத்துப்போயிருந்த மாரித்தின் விரல்களுக்கிடையால் வழுக்கி உள்ளே போனது. ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாரித் போயிட்டா எண்டால், நான் உங்களோடை கதைக்கவே மாட்டன்."

குத்துவிளக்கைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு கோப்பி மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். உண்மையாகவே அழுகை வந்தது.

எப்படியோ எங்கள் அணி ஒரு கோலைத் திருப்பி அடித்தது. ஆனால் சமநிலை போதாது. எங்களைப்போலவே தள்ளாடி, வேறொரு ஊரில் விளையாடிக்கொண்டிருந்த மற்ற அணி தோற்றால்தான் தப்பலாம். யாரும் மற்றவர்களின் முடிவைப் பார்த்து விளையாடக்கூடாது என்று கடைசி நாள் போட்டிகளை ஒரே நேரத்தில்தான் தொடங்குவார்கள். அந்த ஏற்பாட்டில் யாரும் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. வாபிள் மேசையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கத்தினார்: அங்கே ஆட்டம் முடிந்துவிட்டது, அவர்கள் தோற்றுவிட்டார்கள். எங்களுக்கோ இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. பயிற்றுநர் கையைக் காட்ட, பதினொரு பேரும் கோலுக்கு முன்னால் கூடி, வந்த பந்தையெல்லாம் கார்த் தரிப்பிடத்துக்கு உதைத்தார்கள். விசில். தப்பிவிட்டோம். நான் கைகளை விரித்தேன். ஆரணி என்னைக் கடந்து ஓடிப்போய் மாரித்தைக் கட்டிப்பிடித்தாள்.

பின்னர் கழகத்துக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: இனிமேல் இடைவேளையில் விளக்கேற்றக்கூடாது. என் மேடைப் பேச்சுக்கு எழுத்தில் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். அன்றிலிருந்து எந்த நிகழ்விலும் நான் எழுந்தால், வீட்டார் யாராவது விசில் ஊதுவார்கள்.

ஆரணியின் கல்யாணத்துக்கு மாரித் வந்திருந்தார், அதே பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு. தனக்கு ஓர் ஏற்புரை பாக்கி என்று சொல்லி ஒலிவாங்கியை வாங்கினார். தன்னைக் கும்பிட்ட ஒரு சின்னப் பிள்ளையைப் பற்றியும், அந்தப் பிள்ளைக்காக ஒரு தகப்பன் குளிரில் விளக்கேற்றியதைப் பற்றியும் சொன்னார். சரியாக இரண்டு நிமிடம். சபை எழுந்து கைதட்டியது.

எனக்குத் தாங்கவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு எழுந்தேன். கூறைச்சேலைக்குள் இருந்து மணமகள் விசிலை எடுத்து ஊதினாள்.

உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் பக்கத்திலிருந்துதான் தொடங்கவிருந்தேன்.