பிரிக்கக் கூடாது, நனைக்கவும் கூடாது

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, தங்கள் மருமகள் மூவரும் நலம். தங்கள் மருமகளின் நலம் மட்டும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்று பரிசோதனைக் கூடத்தில் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் இருபத்தொரு மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. தாங்களும் அத்தானும் அங்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'தாங்கள்' என்று எழுதியதைப் பார்த்ததுமே தம்பி கோபமாக இருக்கிறான் என்று தங்களுக்குப் புரிந்திருக்கும். புரியட்டும் என்றுதான் எழுதினேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் வரவில்லை. தாங்கள் ஜன்னல் ஓரமாக மேசை போட்டு, திரைச்சீலை மாற்றி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிய அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் தாங்கள் யாரைப் பேசவிட்டீர்கள்? நான் 'அக்கா' என்று ஆரம்பித்தால் 'எனக்கு எல்லாம் தெரியும்டா, நீ அனுப்பு, நான் பார்த்துக்கறேன்' என்று முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் நேற்றிலிருந்து யோசித்து, இன்று புதன்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் பதிவுத் தபாலில் போட்டுவிடுவேன். இது வந்து சேர்வதற்குள் தாங்கள் விமான நிலையத்துக்குப் போய்க் கால்கடுக்க நின்று ஏமாந்து திரும்பியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் இந்தப் படிப்பு. ஊரே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் வருஷத்தில் ஒருத்தி நாடுவிட்டு நாடு போய்ப் படித்தே தீருவேன் என்கிறாள் என்றால் அது என்ன படிப்பு? சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற படிப்பு. ஏன், எங்கள் தெருவில் இல்லாத சாக்கடையா? இதற்குப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள், ஆனால் இருபதாம் தேதிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் இடமும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. கம்ப்யூட்டரில் பேட்டி எடுத்தார்களே, அந்த லட்சணத்தையும் கேளுங்கள். இருபது நிமிஷம் என்று அவர்களேதான் எழுதி அனுப்பியிருந்தார்கள். இருபது ஆச்சு, இருபத்தைந்து ஆச்சு, அந்தப் பேராசிரியர் முடிக்கிற வழியாக இல்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பான்? முப்பத்து நாலாவது நிமிஷம் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி என் கைக்கடிகாரத்தை அவருக்குக் காட்டினேன். அவர் சிரித்து, நன்றி சொல்லி, பேட்டியை முடித்தார். அதற்கு உன் மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இடம் கிடைத்ததற்குப் பிறகாவது என் கடிகாரத்துக்கு யாராவது ஒரு நன்றி சொன்னார்களா?

அடுத்து அந்தக் கவர். நோய் பரவ ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. போட்டவன் நான். வெளியிலிருந்து எது வந்தாலும் வாசலில் இருக்கிற நீல வாளியில், சோப்புத் தண்ணீரில், பத்து நிமிஷம் ஊறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காய்கறி, பால் பாக்கெட், சாவிக்கொத்து எல்லாம் ஊறியிருக்கிறது. மாடி வீட்டுக்காரர் இரவல் வாங்கித் திருப்பித் தந்த சுத்தியல் ஊறியிருக்கிறது. இந்த வீட்டில் இதுவரை ஒரு தும்மல் கேட்டதில்லை என்றால் அதற்கு அந்த வாளிதான் காரணம். அப்படியிருக்க, அவள் படித்த கல்லூரியில் மதிப்பெண் சான்றிதழ்களை ஒரு கவரில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் முதல்வர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, அதன் மேல் சீல் குத்தி, தபாலில் அனுப்பினார்கள். அதைப் பல்கலைக்கழகத்தில்தான் பிரிக்க வேண்டுமாம், வழியில் யார் பிரித்தாலும் செல்லாதாம். மேலே கொட்டை எழுத்தில் 'பிரிக்கக் கூடாது' என்று இருந்தது. நானும் பிரிக்கவில்லை. வாளியில் போட்டேன். பத்து நிமிஷம் கழித்து எடுக்கப் போனால் தண்ணீர் பச்சையாக இருக்கிறது, கவர் தானாகவே பிரிந்து கிடக்கிறது. உன் மருமகள் வந்து பார்த்தாள். வாளிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரிக்கக் கூடாதுன்னு போட்டிருந்தாங்க, சரி. நனைக்கக் கூடாதுன்னு எங்கே போட்டிருந்தாங்க?

இதே கேள்வியைக் கல்லூரிக்குப் போய் அங்கிருந்த கிளார்க்கிடமும் கேட்டேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால், முகக்கவசத்துக்குப் பின்னால், அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் இருந்தார். ஆள் சிரித்தாரா முறைத்தாரா என்றே எனக்குத் தெரியவில்லை. செவ்வாயும் வெள்ளியும்தான் அலுவலகமாம், புதுக் கவர் வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தோம். அடுத்த செவ்வாய் போனால் முதல்வருக்கு நோய் வந்துவிட்டது, வீட்டில் தனியாக இருக்கிறார் என்றார். கையெழுத்தைத் துணைமுதல்வர் போடட்டுமே என்றேன். "கையெழுத்து போடலாம் சார், சீல் முதல்வரோட வீட்டுல மாட்டிக்கிச்சு. அவரு வெளிய வந்தாத்தான் அதுவும் வெளிய வரும்" என்றார். ஒரு ரப்பர் சீலுக்காகப் பதினாலு நாள் காத்திருந்த குடும்பம் இந்த உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். கடைசியில் கவர் கிடைத்த அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாசலில் நான் நிற்கிறேன், வாளி இருக்கிறது. அவள் கவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னிடமிருந்து கண்ணை எடுக்காமல், சுவரோடு சுவராக ஒட்டி உள்ளே போகிறாள். பெத்த அப்பனைப் பார்த்து. இதெல்லாம் முடிந்த மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஈமெயில் வருகிறது, இந்த வருஷம் நோய்க் காலம் என்பதால் கவர் தேவையில்லை, நகல் அனுப்பினால் போதும் என்று. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு வாளித் தண்ணீரை இரண்டு தடவை மாற்றினேன்.

விமானக் கதை அதைவிட மோசம். எங்கள் டெப்போவில் நாலு பத்து வண்டி என்றால் நாலு பத்துக்கு விசில் அடிப்பேன். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, மந்திரியே ஏற வந்தாலும் சரி. கிளம்பின நேரத்தை நான் டிரிப் ஷீட்டில் எழுதுவேன், போய்ச் சேர்ந்த நேரத்தை அந்தப் பக்கத்து டைம்கீப்பர் எழுதுவார். அவர் எழுதினால்தான் அந்த டிரிப் முடிந்தது. அதுவரைக்கும் அந்த வண்டி என் பொறுப்பு. இவர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் விமானம் ரத்து. இரண்டாவது மூன்று நாள் தள்ளிப்போனது. அதற்குள் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகி, அவள் மறுபடி போய் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு வந்தாள். அப்புறம் அந்த இரண்டாவதும் ரத்து, மூன்றாவது தடவை குச்சி. இப்போது நாளை சாயங்காலம் நாலு பத்து என்று சொல்லியிருந்ததை ஆறு முப்பத்தைந்து என்று மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று டிக்கெட் ஏஜென்ட்டைக் கேட்டால் 'சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது' என்கிறார். சிஸ்டத்துக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

சரி, பரிசோதனையில் நோய் என்று வந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களே என்று, போன வாரத்துக்கு முந்தின வாரம் அவளை உள்ளறையில் தனியாக வைத்தேன். குச்சிக்காக மட்டும்தான் வெளியே போகலாம், அதுவும் எங்களிடமிருந்து ஆறடி தள்ளி. அதுவும் என் சட்டம்தான். வாசல்படியில் ஸ்டூல் போட்டு அதில் சாப்பாட்டை வைப்போம், நாங்கள் நகர்ந்ததும் அவள் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். இன்றோடு பதின்மூன்று நாள் ஆச்சு அக்கா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் பொண்ணு முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவள் அம்மா கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அவளோடு பேசிப் பேசிப் பெட்டி கட்டிவிட்டாள். எனக்கு அதெல்லாம் வராது. நான் ஹாலில் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை உள்ளேயிருந்து கேட்டாள், "அப்பா, நான் போகலன்னா உங்களுக்கு சந்தோஷமா இருக்குமா?" என்று. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "கதவைத் திறக்காதே" என்றேன். அவள் திறக்கவே இல்லை, திறக்கப் போவதாகச் சொல்லவும் இல்லை. உனக்குச் சிரிப்பாக இருக்கும். இந்தக் கேள்வியெல்லாம் என் வீட்டில் முளைத்ததே நீ 'அனுப்பு, அனுப்பு' என்று தூபம் போட்டதால்தான்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேற்றுச் சாயங்காலம் அந்த டிக்கெட் ஏஜென்ட் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. விமான நிலையத்துக்குள் பயணம் போகிறவர்களைத் தவிர ஒருத்தரும் வரக் கூடாதாம். அப்பா, அம்மா யாராக இருந்தாலும் சரி. வாசலில் கார் மூன்று நிமிஷம்தான் நிற்கலாமாம், பெட்டியை இறக்கிவிட்டு நகர்ந்துவிட வேண்டுமாம். கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்க முடியாது, உள்ளே மறைத்துவிட்டார்கள் என்கிறார். முப்பத்தோரு வருஷம். எத்தனை பஸ், எத்தனை பேர். யார் யார் வீட்டுப் பிள்ளைகளையோ ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லி, கையை உள்ளே வை என்று அதட்டி, வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் நான் அடுத்த வண்டிக்கு விசில் ஊதுவேன். ஒரு வண்டியைக்கூட முதுகைக் காட்டிக்கொண்டு அனுப்பினதில்லை. என் பொண்ணு கிளம்புற வண்டியை நான் பார்க்கக் கூடாதாம், மூணு நிமிஷத்துல திரும்பிப் போகணுமாம். இவனுங்க யாரு எனக்குச் சொல்றதுக்கு? அப்படிப்பட்ட இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட என்னால் முடியாது. முடியாது என்றால் முடியாது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். படிப்பும் வேண்டாம், சாக்கடையும் வேண்டாம். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். 'சரி, அக்காவுக்கு எழுதுங்க' என்றாள், எழுந்து போய்ப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள். இந்த வீட்டில் என் வார்த்தைக்கு உள்ள மதிப்பு அவ்வளவுதான். உன் மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே போன் போட்டுச் சொல்லிவிடு. உனக்குத்தான் பேச வரும்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்கால் வலியோடு குளிரில் நடக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். உன்னை வாழ்த்தும் வயது எனக்கில்லை. சின்னவன் வாழ்த்தினாலும் பலிக்கும் என்றால் நூறு வயது வரைக்கும் சௌக்கியமாக இரு, அடுத்தவர் பிள்ளைக்கு யோசனை சொல்லாமல் இரு.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் தம்பி

பி.கு.: வியாழக்கிழமை காலை பதினொன்று ஐந்து. தபால் நிலையத்தில் முதல் ஆளாகப் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா கவரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளிநாட்டுத் தபால் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம், மறுபடி எப்போது ஆரம்பிப்பார்கள் என்று அவருக்கே தெரியாதாம். முக்கியமான விஷயம் என்றேன். "அந்தப் பக்கம் போறவங்க யாராவது இருந்தா கையில கொடுத்து அனுப்புங்க சார்" என்றார். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கம் போகிறவள் ஒருத்திதான் இருக்கிறாள். அதனால் வேறு வழியில்லாமல் இதை உன் மருமகளிடமே கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, மேலே 'பிரிக்கக் கூடாது, நனைக்கவும் கூடாது' என்று எழுதியிருக்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில் நிற்பாள். முதலில் சாப்பிடச் சொல், களைத்திருப்பாள். கதவுக்குள்ளிருந்து அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கும், ஒரு நாளைக்கு. மறுநாளிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ பார்த்துக்கொள்.

கிளம்பின நேரத்தை வாசலில் நின்று நான் எழுதிக்கொள்கிறேன். அவள் எத்தனை மணிக்கு உன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல். போனிலேயே சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.