நன்றி மிகுதிப் பதிவேடு

நெடுமதில் நாட்டில் காய்ச்சலுக்கும் ஒரு நிதானம் இருந்த காலம் உண்டு. யாருக்காவது உடம்பு சுட்டால் கிழக்கு வாசல் மருந்தகத்துக்கு வருவார்கள். அங்கே மரகதம் இருப்பாள். இருபத்தாறு ஆண்டுகளாக அவள்தான் கம்பவுண்டர். வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, மேலே ஒரு சீட்டை ஒட்டிக் கொடுப்பாள். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் போகட்டும். ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. சளி மருந்திலும் இதே சரக்கு இருக்கலாம். கேட்காமல் சேர்க்கக் கூடாது."

குழந்தை என்றால் தராசில் உட்காரவைத்து எடை பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறப்பாள். தராசில் ஏறியதும் எல்லாக் குழந்தைகளும் அழும். அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள்.

"காய்ச்சல் இன்னும் விடலியேக்கா. இன்னொரு மூடி ஊத்தினா என்ன குறைஞ்சு போகுது?"

"குறையாது. கூடிப் போகும். அதான் வேணாங்கிறேன். கோட்டை மணி அடிக்கட்டும், அப்புறம் குடு."

கோட்டை மணி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் அடிக்கும். அது எதற்காக அடிக்க ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் மணி கேட்டதும் ஊரில் எங்கெங்கோ அடுக்களைகளில் தம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். மரகதத்துக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். முகம் தெரியாத பல வீடுகள் தன் சீட்டைப் படித்துக்கொண்டிருக்கின்றன என்று தோன்றும்.

பிறகு 'வலியில்லா நாடு' என்ற வாக்குறுதியோடு புதிய ஆட்சி வந்தது. நல்வாழ்வு அமைச்சர் இன்பவாரிதியார் பதவியேற்ற மூன்றாம் நாள் மருந்தகத்தைப் பார்வையிட வந்தார். சீட்டை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்தார்.

"அம்மையே, இதில் 'கூடாது' என்ற சொல் இரண்டு இடங்களில் காணப்படுகிறது. அரசின் கொடைக்கு எல்லை கட்டுவது அரசின் கை சிறியது என்று பறைசாற்றுவதாகாதா?"

"எல்லை கொடைக்கு இல்லீங்கய்யா. ஈரலுக்கு."

அமைச்சர் தம் செயலாளரிடம் திரும்பினார். "ஈரல் எந்தத் துறையின் கீழ் வருகிறது?"

செயலாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, எந்தத் துறையின் கீழும் வரவில்லை என்று பணிவுடன் தெரிவித்தார்.

"பிறகென்ன?" என்றார் அமைச்சர்.

அந்த வாரமே சீட்டு தடை செய்யப்பட்டது. மாத்திரையின் வீரியம் இரண்டு மடங்காக்கப்பட்டது. பழைய பழக்கத்தில் இரண்டு விழுங்கியவர்கள் நான்கு விழுங்கினார்கள்; அது அவர்களுக்குத் தெரியவில்லை. எழுதத்தானே தடை, சொல்லலாமே என்று மரகதம் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிப் பார்த்தாள். மருந்தக வாசலில் நாள் முழுக்க அரசு வாழ்த்து வாசிக்க ஒரு மேளக் குழு அமர்த்தப்பட்டது. அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

அடுத்து, புகழைப் பங்கிட்டுக்கொள்வதில் அமைச்சர்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. அதைத் தீர்க்க ஒரே மாத்திரை மூன்று துறைகளுக்கு மூன்று நிறத்தில் வழங்கப்பட்டது. காய்ச்சலுக்கு வெள்ளை, உடல்வலிக்குச் சிவப்பு, சளிக்குப் பச்சை. உள்ளே இருந்த சரக்கு ஒன்றுதான். மூன்று அமைச்சர்களும் மூன்று விழா எடுத்தார்கள்.

வைத்தியர்கள் சிலர் மனு கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை என்ற வரம்பு முன்னோர் இயற்றிய சட்டம் என்றும் அது இன்னும் நீக்கப்படவில்லை என்றும் எடுத்துச் சொன்னார்கள். அமைச்சரவை அதை மிகுந்த மரியாதையோடு விவாதித்தது. சட்டத்தில் கை வைப்பதில்லை என்று முடிவாயிற்று. அதற்குப் பதிலாக நாளில் கை வைத்தார்கள். இனி ஒரு நாள் என்பது பன்னிரண்டு மணி நேரம். கோட்டை மணி மூன்று மணிக்கொரு தரம் அடிக்கத் தொடங்கியது. தங்கள் ஆயுள் இரட்டிப்பாகிவிட்டது என்று மக்கள் வீதிகளில் இனிப்பு வழங்கினார்கள்.

ஒரு நாள் காலை வண்டிக்காரர் செங்கோடனின் மனைவி குருவம்மா காலியான மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் குடுக்கா. அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருது."

மரகதம் அட்டைகளைப் பார்த்தாள். மூன்று நிறம். "எப்போ இருந்து சாப்பிடுறாரு?"

"நேத்து மத்தியானத்துல இருந்து. காய்ச்சலுக்கு வெள்ளை, இடுப்பு வலிக்குச் சிவப்பு, மூக்கடைப்புக்குப் பச்சை. மணி அடிச்சதும் எடுத்துக்கிறாரு. சொன்ன சொல் தட்டாத மனுசன்."

பதினைந்து குழி காலியாக இருந்தது. பழைய கணக்கில் முப்பது. மேளக்காரர்களைத் தாண்டி மரகதம் ஓடினாள். செங்கோடன் வாசலில் உட்கார்ந்து மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன கம்பவுண்டரம்மா, நல்லாத்தானே இருக்கேன்? லேசாக் குமட்டுது, அவ்வளவுதான்."

"முதல் நாள் எல்லாரும் நல்லாத்தாண்ணே இருப்பாங்க. ஈரல் கத்தாது. நாலு நாள் கழிச்சுக் கண்ணு மஞ்சளானா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. முறிமருந்து ஏத்தணும், இப்பவே. வண்டியில ஏறுங்க."

"வண்டி ஓட்டுறது நானாச்சே?"

"இன்னைக்கு நான் ஓட்டுறேன்."

அரண்மனை மருத்துவமனையில் முறிமருந்து இருந்தது. அதை ஏற்றத் தெரிந்த வைத்தியரும் தயாராக இருந்தார். குறுக்கே பதிவேட்டு அதிகாரி ஞானமுடியார் இருந்தார்.

"என்ன காரணத்துக்காகச் சேர்க்கை?"

"மாத்திரை அளவு மீறிப் போச்சு."

"அரசு வழங்கியது அளவு மீற இயலாது. அப்படி ஒரு பத்தி இந்தப் பதிவேட்டில் இல்லை. பத்தி இல்லாத நோய்க்குப் படுக்கை இல்லை."

"என்னென்ன பத்தி இருக்கு?"

ஞானமுடியார் நிதானமாகப் படித்தார். எலும்பு முறிவு. பிரசவம். பாம்புக்கடி. கடைசியாக ஒன்று, அரசு விழாக்களில் உணர்ச்சிவசப்பட்டு மயங்கி விழுவோருக்காகச் சென்ற மாதம் சேர்த்தது: நன்றி மிகுதி.

மரகதம் செங்கோடனைப் பார்த்தாள். அவர் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். குருவம்மா அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"அதையே எழுதுங்க. நன்றி மிகுதி."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. தம் கையாலேயே முத்திரை குத்தினார். செங்கோடன் ஐந்து நாள் கிடந்து எழுந்தார். பழைய கணக்கில் ஐந்து நாள்.

செய்தி பரவியது. வைத்தியர்களும் கம்பவுண்டர்களும் ஊர் ஊராகக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டார்கள். நேரத்தோடு வந்தவர்களெல்லாம் நன்றி மிகுதியில் சேர்ந்து பிழைத்தார்கள். தாமதமாக வந்தவர்களும் அதே பத்தியில்தான் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. மரகதம் அந்த நாள்களில் பழையபடி தூங்கினாள். ஒரு சொல்லை மாற்றி எழுதியதில் இவ்வளவு உயிர் மிஞ்சுமென்றால் எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். சீட்டுகள் ஒட்டிய பசையின் மணம்கூட அவளுக்கு எப்போதாவது விரல்களில் வந்து போனது.

தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இன்பவாரிதியார் அவளை அரண்மனைத் திடலுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். கூட்டம் நிரம்பி வழிந்தது. அமைச்சர் பதிவேட்டை இரு கைகளாலும் உயர்த்திக் காட்டினார்.

"நாற்பத்தோராயிரம் பேர்! நன்றி தாங்காமல் மருத்துவமனையில் படுத்தவர்கள் மட்டும் நாற்பத்தோராயிரம் பேர். உலகில் எந்த அரசுக்காவது இப்படி ஒரு சான்று உண்டா? மக்கள் தங்கள் உடலாலேயே வாக்களித்துவிட்ட பிறகு பெட்டி வைத்து மறுபடியும் கேட்பது அவர்களை அவமதிப்பதாகும். ஆகவே தேர்தல் தேவையில்லை என்று அவை ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது. இந்தப் பதிவேடே முடிவு. இதைத் தொடங்கிவைத்த பெருமை இந்த அம்மையாரைச் சேரும்."

மேளம் முழங்கியது. மரகதத்துக்குத் தோளில் இருந்த துணி கனத்தது. சத்தம் ஓயும்வரை காத்திருந்து, அமைச்சருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, அதுல செத்துப்போனவங்களும் இருக்காங்களே. அவங்களை எப்படிச் சேர்த்தீங்க?"

கூட்டத்தைப் பார்த்துக் கை அசைத்தபடியே இன்பவாரிதியார் புன்னகை செய்தார்.

"அம்மையே, இனி ஒருபோதும் மனம் மாறாதவர்கள் அவர்கள்தானே? அவர்களை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறோம்."