ஜன்னலுக்கு நேரான கம்பம்

"இது தெருவிளக்கா, இல்ல ஸ்டேஷன்ல உக்கார வச்சு மூஞ்சியில அடிக்கிற லைட்டா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

லைன்மேன் ஏணியில் நின்று விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புது விளக்கு மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தக் கம்பத்துக்கு மட்டும் அவரை வரவழைத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் என்பது தெரு வைத்த பெயர். சோப்புக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவரை மேற்பார்வை பார்த்தவர்கள்தான் உண்டு. ஆனால் தெருவில் யார் குழாயைக் கழற்றினாலும், யார் வீட்டுக்கு வெள்ளை அடித்தாலும், இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்.

"பழைய விளக்குக்கு என்ன குறைச்சல்? மஞ்சளா, பதமா இருந்துச்சு."

"கரண்டைக் குடிச்சுச்சு சார். போட்டா பிரகாசம் வர அஞ்சு நிமிஷம். வயசாயிட்டா அதுவா அணையும், அதுவா எரியும். இது போட்ட உடனே எரியும், பாதி கரண்டு போதும், வருஷக்கணக்கா உழைக்கும். வெளிச்சமும் வானத்துக்குப் போகாம கீழே விழும்."

"கீழே விழலப்பா. என் வீட்டம்மா கண்ணுல விழுது."

லைன்மேன் திருகாணியைத் தளர்த்தத் தொடங்கினார். அந்த வீட்டு விவகாரம் அவருக்கும் தெரியும்.

சர்க்கரை நோயில் அந்த அம்மாவின் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். கட்டில், ஜன்னலை ஒட்டி முன்னறையில் கிடந்தது. பின்னறைக் கதவுக்குள் அது நுழையாது. பெரிய டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ராத்திரி தூங்க வேண்டும். தூங்காவிட்டால் சர்க்கரை இறங்காது, இறங்காவிட்டால் புண் ஆறாது, ஆறாவிட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டியதுதான்.

பாதம் போன புதிதில் சூப்பர்வைசர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். சவரம் இல்லை, சோறு இல்லை, யாரிடமும் ஒரு குறை சொல்லவில்லை. தெருவுக்கு நிம்மதியாக இருந்தது. போகப் போக அதுவே பயமாகவும் ஆனது. பிறகு இந்த வெள்ளை விளக்கு வந்தது. மறுநாள் காலையில் அந்த அம்மா, "கண்ணு கூசுதுங்க, பொட்டுத் தூக்கமில்ல" என்றார். மனுஷன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

முதல் வேலையாக ஜன்னலில் கம்பளியை ஆணி அடித்து மாட்டினார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லைங்க. கீழ் ஓரத்துல லேசா கசியுது போல."

கீழ் ஓரத்துக்கு ஒரு கோணியை அடித்தார். பக்கவாட்டில் தலையணையைச் செருகினார். காற்று மொத்தமாக நின்றுபோய், கட்டுப் போட வந்த நர்ஸம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சார் இது, அம்மாவை அவிச்சு எடுக்கப் போறீங்களா? வேர்வையில புண்ணு ஊறிப் போயிருக்கு."

கம்பளி இறங்கியது. அதனால்தான் லைன்மேன் ஏணியேறி இருந்தார். சூப்பர்வைசரின் தொணதொணப்புத் தாங்காமல் விளக்கின் கழுத்தைத் திருகி, எதிர்ப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு இறங்கினார்.

எதிர்வீட்டில் இருப்பது தையல்காரம்மா. புது விளக்கைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரே ஆத்மா. மஞ்சள் வெளிச்சத்தில் கறுப்பும் நீலமும் ஒன்றாகவே தெரியும். கறுப்புச் சட்டைக்கு நீல நூல் போட்டு எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது சாயங்காலத்தில் வாசலில் உட்கார்ந்தே நூல் கோத்தார். அவருக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வந்ததில் சந்தோஷம்தான். அவர் நாய்க்குத்தான் ஆகவில்லை. பழைய விளக்கில் நிழல் சாயம் போன துணி மாதிரி மங்கலாகக் கிடக்கும். இது கத்தரித்து ஒட்டியது போல நாயின் நிழலைச் சுவரில் ஆளுயரத்துக்குக் காட்டியது. நாய் அதைப் பார்த்துக் குரைத்தது. அது நகர நகர நிழலும் நகர்ந்தது. குரைப்பு நிற்கவில்லை.

"உங்க நாயை அடக்குங்கம்மா. வீட்டுல நோயாளி இருக்கா."

"நாயை ஏன் சொல்றீங்க? விளக்கைத் திருப்பினது யாரு? உங்க வீட்டுக்கு வேணாம்னா ஊரான் வீட்டு நாய் தலையிலதான் கட்டுவீங்களா?"

சூப்பர்வைசர் மனைவியிடம் வந்து நின்றார். "வெளிச்சம் தேவலையா?"

"தேவலைங்க. ஆனா முன்னைக்கு அது மஞ்சளா இருந்ததே, அது ஒரு தனிச் சுகம்."

அவ்வளவுதான். மனிதர் ஒரு எண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டினார். உள்பக்கம் மஞ்சள் காகிதம் ஒட்டினார். லைன்மேன் மாட்ட முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போக, வெள்ளை அடிப்பவரின் ஏணியை இரவல் வாங்கித் தானே ஏறினார். பகலில் மின்சாரம் ஓடாத நேரத்தில் ஏறுகிற அளவுக்கு மட்டும் அவருக்குப் புத்தி இருந்தது. விளக்கை ஜன்னல் பக்கமே திருப்பி, அதன் தலை முழுக்க டின்னைக் கவிழ்த்துக் கம்பியால் இறுக்கினார். கீழே நின்று பார்த்த தையல்காரம்மா, "கிரீடம் வச்சாச்சு, இனி பாட்டுக் கச்சேரிதான் பாக்கி" என்றார்.

அன்று சாயங்காலம் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. நாய் அடங்கியது.

"எப்படி?" என்றார் சூப்பர்வைசர், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியே பழைய விளக்கு மாதிரியே இருக்குங்க" என்று அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். சூப்பர்வைசர் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஆனால் இந்த ஜாதி விளக்குக்கு முதுகில் காற்றுப் பட வேண்டுமாம். சூடு வெளியேற வழியில்லாமல் டின்னுக்குள் வெந்து, சில நாளில் அது கண்ணடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு எரிந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் எரியவே இல்லை.

அந்தக் கம்பத்தடியில்தான் குழாய் பதிக்கத் தோண்டி, மூடாமல் விட்ட பள்ளம் இருந்தது. விளக்கு இருந்தவரை எல்லோரும் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தோம். அன்று நர்ஸம்மாவின் ஸ்கூட்டர் நேராக அதற்குள் போய் இறங்கியது.

அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட ஆள் வரவில்லை. சூப்பர்வைசர் தானே பிரித்துத் தானே சுற்றினார். எப்படிச் சுற்றினாரோ, புண்ணின் வாடை தெருவுக்கே வந்தது. ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

தெரு சும்மா இருக்குமா? "கோட்டிக்காரன், ஒரு விளக்கைப் பொறுத்துக்க மாட்டாம பொண்டாட்டி கால் போறதுல கொண்டு வந்து நிறுத்திட்டான்" என்று ஆளாளுக்குப் பேசினோம். தையல்காரம்மா மட்டும் பேசவில்லை. சோறு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

போன இடத்தில் சூப்பர்வைசர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். கைக்கட்டோடு நர்ஸம்மாவும் பார்க்க வந்திருந்தார். அவரைக் கண்டதும் மனிதர் எழுந்து நின்றார்.

"உங்க கையை நான்தான் ஒடைச்சேன்மா. அவ காலையும் நான்தான் எடுத்தேன். கம்பெனியில ஒரு பெட்டிகூட நான் கோணலா ஒட்டினதில்ல."

"விடுங்க சார். வேணும்னேவா செஞ்சீங்க?"

"என்ன செய்யறதும்மா? வெளிச்சம் கண்ணைக் குத்துது, தூங்க முடியலன்னு தினம் காலையில சொன்னா. வெள்ளையை விட மஞ்சள்தான் சுகம்னா. அவ கண்ணுக்காகத்தானே இத்தனையும் பண்ணேன்."

நர்ஸம்மா வார்டுக் கதவைப் பார்த்தார், தையல்காரம்மாவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், பழைய மஞ்ச விளக்கு இருக்கறப்பவே அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் சுத்தமா போயிடுச்சு; நீங்க மறுபடி மூலையில போய் உக்காந்துடக் கூடாதுன்னுதான் தினம் கூசுதுன்னு சொல்லிட்டிருந்தாங்க."