சோழிப் பிள்ளையாரும் லத்தீனும்

ஒரே ஒரு வார்த்தையால் சூளையை எரியவிடாமல் செய்யக்கூடிய ஆள் விருத்தாசலத்தில் லத்தீன் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் பீங்கான் பட்டறையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இளம் வயதில் சர்ச் சாமியாராவதற்காகக் குருமடத்தில் சேர்ந்து, பாதியில் திரும்பி வந்தவர். சாமியை அங்கேயே விட்டுவிட்டு லத்தீனை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார் என்பார்கள்.

ஒரு நாள் பெண்ணாடம் பஸ்ஸில் கண்டக்டரை நிறுத்தி, "பஸ்ஸுங்கிறது ஒரு லத்தீன் வார்த்தையோட வாலுங்க. ஆம்னிபஸ்னா எல்லாருக்கும்னு அர்த்தம்" என்றார்.

"எல்லாருக்கும்னா எல்லாருந்தாங்க டிக்கெட்டு எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. அவரோடு ஏறிய குற்றத்துக்காக நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பட்டறையில் நான் அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிறவன். வியாபாரி யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். லத்தீனுக்கு நாலு பாஷை தெரியும் என்பதால், வியாபாரிகளோடு பேச முதலாளி அவரைத்தான் வைத்திருந்தார். வாசலில் நாயைக் கட்டிவிட்டு விருந்துக்கு அழைத்த மாதிரி.

நவராத்திரிக்கு முன்னால் கும்பகோணத்திலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். நெற்றி நிறைய விபூதி. கொலுவுக்கு லாரி நிறைய வெள்ளைப் பிள்ளையார் வேண்டுமாம். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் சூளை எரியும், இல்லாவிட்டால் தீபாவளி வரை யாருக்கும் வேலை இல்லை என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார்.

மடியில் பிள்ளையார், கையில் எங்கள் பட்டறைக் கோப்பையில் டீ. கடைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பெட்டியில போர்சலின்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னங்க?"

முதலாளி கண்ணைக் காட்டினார். லத்தீன் அதைப் பார்க்கவில்லை.

"லத்தீன்ல போர்க்குஸ்னா பன்னிங்க. அதுலேருந்து பொறந்த வார்த்தை."

கடைக்காரர் மடியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். இரண்டையும் மெதுவாகக் கீழே வைத்தார். "பிள்ளையாரப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

"யோவ், வாங்க வந்த ஆளு முன்னால பன்னிய ஓட்டிக்கிட்டு வரியே" என்றார் முதலாளி. "போயி அவரக் கூட்டியா. இல்லன்னா நீயும் வராத."

துணைக்கு என்னை அனுப்பினார். பேசமாட்டேன் என்பதுதான் என் தகுதி.

அடுத்த பஸ்ஸில் துரத்திப் போய், சேத்தியாத்தோப்பில் இறங்கி கும்பகோணம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்தோம்.

"பாதி கேட்டுட்டு வந்துட்டீங்களே" என்று லத்தீன் தொடங்கினார். "பன்னிக்குட்டி முதுகாட்டம் வளைஞ்சிருக்குதுன்னு இத்தாலிக்காரன் சோழிக்கு அந்தப் பேர வச்சான். அப்பறம் சீனாவுலேருந்து பாத்திரம் வந்துது. சோழியாட்டம் மின்னுதேன்னு அதுக்கும் அதே பேரு. பிரெஞ்சுக்காரங்க, இங்கிலீஷ்காரங்க எல்லாம் அவன்கிட்டேருந்து எடுத்துக்கிட்டாங்க. நம்ம பீங்கான் அந்த வழியே இல்லைங்க, பாரசீகத்துலேருந்து வந்தது. தெலுங்குல பிங்காணி, மலையாளத்துல பிஞ்ஞாணம்."

இவ்வளவிலும் கடைக்காரர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

"சோழியா? மகாலட்சுமிக்கு உகந்ததாச்சே. மொதல்லயே சொல்லக் கூடாதா? லாரி அனுப்பறேன், ஏத்தி விடுங்க."

லத்தீன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுல பயமே இல்லைங்க. போன் சைனான்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அதுலதான் நெசமாவே..." என்று அடுத்ததை ஆரம்பித்தார்.

போன் சைனா என்கிற பீங்கானில் மாட்டெலும்புச் சாம்பல் சேர்ப்பார்கள். எங்கள் பட்டறையில் அது கிடையாது. ஆனால் அந்த நெற்றிக்கு முன்னால் எலும்பு என்ற சொல் விழுந்தாலே போதும். வியாபாரி முன்னால் வாயே திறக்காத நான், "அண்ணே, பஸ்ஸு வந்துடுச்சு" என்று கத்தி, வராத பஸ்ஸை நோக்கி அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சூளை எரிந்தது. கடைக்காரர் பெட்டியில் "சோழிப் பிள்ளையார்" என்று அச்சடித்து விற்றார். அதில் ஒரு சோழிகூட இல்லை. அதே மண்தான். இப்போது வெளியூர்க்காரர்கள் பட்டறை தேடி வந்து சோழிப் பிள்ளையார் கேட்கிறார்கள். அது தன்னுடைய யோசனை என்கிறார் முதலாளி. லத்தீனைப் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றும் வேலைக்கு மாற்றிவிட்டார். எதைச் சொன்னாலும் பொம்மைகள் எழுந்து போகாது என்ற தைரியம்.

இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, வைக்கோல் சுற்றியபடி பேசிக்கொண்டே இருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எந்த வார்த்தையைப் பற்றிச் சொன்னாலும், "ஒனக்குத் தெரியாததா" என்றுதான் ஆரம்பிக்கிறார். என்னிடம் அப்படி ஆரம்பிக்கிறவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.